பதினொரு பாட்டில் பொக்கே

திருநகரில் பதினெட்டு வருடமாக கிஃப்ட் கடை வைத்திருக்கிறேன். வேலை ரொம்ப அழகாக இருக்கிறது என்று புகார் வந்தது ஒரே ஒரு முறைதான்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அதை எழுதி வைக்கிறேன். மற்றபடி, எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு கிரேப் பேப்பரை இதழ் இதழாக நறுக்கிக்கொண்டிருப்பவனிடம் கற்றுக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை.

1. ஆர்டர்

ஜெயராம் சுங்குடிச் சேலை வியாபாரி. சௌராஷ்டிரக் குடும்பம், கடைக்கு மூன்று தெரு தள்ளி வீடு. எந்தச் சேலைக்கு எந்தச் சாயம் என்று முடிவு செய்வது அவர் மனைவி சரளா அக்கா. அக்கா எடுத்துக் கொடுத்த வெங்காயத்தோல் நிறத்தைப் பார்த்து, சரக்கு எடுக்க வந்தவர்கள் முன்னால், "இதையெல்லாம் எவ கட்டுவா?" என்று ஜெயராம் சிரித்துவிட்டார். அந்த நிறம்தான் முதலில் விற்றுத் தீர்ந்தது. அக்கா குத்திக்காட்டவில்லை. பன்னிரண்டு நாளாகப் பேசவே இல்லை. அடுத்த சரக்குக்கு நிறமும் சொல்லவில்லை. சாயப்பட்டறை சும்மா கிடந்தது.

ஜெயராமுக்கு மன்னிப்புக் கேட்க வாய் வராது. அதற்குப் பதிலாக விரல் நீளத்தில் பதினொரு கண்ணாடிப் பாட்டில்களோடு வந்தார். அக்கா தேர்ந்தெடுத்த பதினொரு நிறங்களின் சாயத்தண்ணீர். வெங்காயத்தோல் நடுவில் வர வேண்டும் என்றார்.

"வெளிய ஒண்ணும் தெரியக் கூடாதுண்ணே. அவளே பிரிச்சுப் பார்க்கணும். பார்த்தா அவளுக்குப் புரியும்."

2. வேலை

பாட்டில் பொக்கேயில் எடைதான் எதிரி. ஒவ்வொரு பாட்டிலையும் மூங்கில் குச்சியில் டேப் போட்டு இறுக்கி, மேலே கிரேப் பேப்பரை ரோஜா மாதிரி சுற்ற வேண்டும். கூடைக்குள் தெர்மாகோல், அதற்கடியில் கொஞ்சம் ஜல்லி. இல்லாவிட்டால் பொக்கே கும்பிட்டு விழும். நடுக்குச்சி உயரமாக, மற்றவை இறக்கமாக. சுற்றிலும் நெட் துணி, செலோஃபன், ரிப்பன்.

அன்று எனக்குள் இருந்த கலைஞன் விழித்துக்கொண்டான். அவன் விழிக்கும்போதெல்லாம் எனக்கு நஷ்டம்தான். டேப்பின் நுனி தெரியாமல் க்ளூ கன்னால் ஒட்டினேன். ரிப்பன் முடிச்சையும் மறைத்தேன். எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியவில்லை. அதைப் பெருமையாக வேறு நினைத்தேன்.

3. புகார்

நான்காம் நாள் ஜெயராம் வந்தார். "இம்புட்டு அழகா யாருண்ணே உங்களைக் கட்டச் சொன்னது?"

அக்கா அதை ஷோகேஸில் வைத்துக் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டாராம். பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டியும் ஆயிற்றாம்.

நம் ஊரில் பொக்கேயை யார் பிரிக்கிறார்கள்? செலோஃபனோடு ஷோகேஸில் ஏறினால் வெள்ளையடிக்கும்போதுதான் இறங்கும். என் வீட்டிலேயே அப்படி இரண்டு இருக்கின்றன. தெரிந்திருந்தும் ஒட்டித் தள்ளியிருக்கிறேன்.

"பிரிச்சுப் பாருன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றேன்.

"பேசினாத்தானேண்ணே சொல்றதுக்கு. நாளாச்சுன்னா சாயம் அடியில தங்கிரும். அப்புறம் கலங்கின தண்ணியத்தான் பார்ப்பா."

4. சர்வீஸ்

கத்தரிக்கோலோடு அவர் வீட்டுக்குப் போனேன். பொக்கேயை ஒருமுறை சரிபார்த்துக் கொடுப்பது எங்கள் கடை வழக்கம் என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஃப்ரிட்ஜுக்கே கூப்பிட்டா வர மாட்டேங்கிறாங்க. பொக்கேக்குச் சர்வீஸாண்ணே?"

ஆனாலும் எடுத்துக் கொடுத்தார். செலோஃபன் வந்தது. பூ வரவில்லை. நான் ஒட்டியதை நானே கால் மணி நேரம் சுரண்டினேன். பார்க்கப் பொறுக்காமல் அக்கா கத்தரிக்கோலை வாங்கி, நடுப்பூவை ஒரே வெட்டாக வெட்டினார்.

பாட்டிலை ஒரு குலுக்குக் குலுக்கி ஜன்னல் பக்கம் பிடித்தார். மங்கிய சிவப்பு வெளிச்சம் அவர் உள்ளங்கையில் விழுந்தது. பிறகு மற்ற பத்தையும் வெட்டி, ஜன்னல் திட்டில் வரிசையாக நிறுத்தினார். ஜெயராம் அடுத்த அறை வாசலில் நின்றபடி காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா அவரைப் பார்த்துச் சௌராஷ்டிர மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். ஜெயராம் தலையைக் குனிந்துகொண்டார். சமாதானமா சண்டையா என்று எனக்குப் புரியவில்லை. மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்து, அக்கா என்ன சொன்னார் என்று ஜெயராமிடம் கேட்டேன்.

"பச்சையில தண்ணி கூடிருச்சாம். பட்டறைக்கு அவளே வாராளாம்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது பார்த்தேன். ஜன்னலில் பதினொரு பாட்டிலும் வெறுமனே நின்றன. என் பதினொரு ரோஜாக்களும் குப்பைக் கூடையில் கிடந்தன. என் கைவேலை போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது அன்றுதான்.

அதன்பிறகு நான் கட்டும் ஒவ்வொரு பொக்கேயிலும் ரிப்பனின் ஒரு நுனி வெளியே தொங்கும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். தொங்கட்டும். பிரிப்பதற்காகத்தானே சுற்றுகிறோம்.