நான் அடித்த மூங்கில் வரி

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு நல்ல வாக்கியத்தைக் கொலை செய்தேன். ஆயுதம் — என் சிவப்புப் பேனா.

வாக்கியம் என் தோழி செல்வியுடையது. அவள் தாவரவியல், நான் தமிழ் இலக்கியம். அவளுடைய அப்பாவுக்குத் தி.நகரில் ஜவுளிக் கடை, தென்காசிப் பக்கம் கொஞ்சம் நிலம். வரும் மழைக்கு அங்கே முழுக்கத் தேக்கு நடுவதென்று அவர் முடிவு செய்துவிட்டார். இப்போது யாரைக் கேட்டாலும் தேக்குதானே? ஊடே மூங்கிலும் வேண்டும் என்பது மகளின் கட்சி. அதை இரண்டு பக்கம் எழுதி, அபிராமபுரத்தில் என் வீட்டுக்கு வந்து என்னிடம் திருத்தக் கொடுத்தாள்.

பிழைகள் இருந்தன. ஆனந்தமாகத் திருத்தினேன். இரண்டாம் பக்கத்தில் அந்த வரி... 'மூங்கில் நெருங்கி நின்றால், கிளை பரப்ப இடமில்லாத தேக்கு வெளிச்சத்தைத் தேடி நேரே உயரும்.'

மூன்று ஆண்டுகளாக இலக்கியம் படிப்பவள் நான். இப்படி ஒரு வரி எனக்கு ஏன் வரவில்லை? ஓரத்தில் 'மிகை' என்று எழுதி, அடித்துவிட்டேன்.

மாலையில் கடைக்கு மேலிருக்கும் அவர்கள் வீட்டில், என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, செல்வி அதை அப்பாவுக்கு வாசித்து முடித்தாள்.

“ஏட்டி, தேக்கு வைக்கிற எடத்துல மூங்கில் என்னத்துக்கு? எனக்குப் பாடை கட்டவா?” என்றார் அப்பா.

செல்வி தாளைப் பார்த்தாள். பதில் இருந்த இடத்தில் என் சிவப்புக் கோடு. நான் அடித்தால் அது தவறாகத்தான் இருக்கும் என்று நம்பி, தாளை மடித்தாள்.

“சரி, தேக்கு மட்டும் போதும்” என்று அவர் எழுந்தார்.

அப்போதுதான் அந்த வரி என் வாயிலிருந்து வந்தது — ஒரு சொல் பிசகாமல். அடித்தவளுக்கு மனப்பாடம்!

அவர் மறுபடி உட்கார்ந்தார். “பாத்தியாட்டி, தமிழ் படிச்ச புள்ள எப்படி நறுக்குன்னு சொல்லுது!”

அந்தப் பாராட்டு இரண்டு நொடி எவ்வளவு இனித்தது என்று எழுதக் கூசுகிறது.

“அது செல்வி எழுதினது, அங்கிள். நான்தான் அடிச்சுட்டேன்.”

“ஏம்மா, தப்பா இருந்துச்சா?”

“இல்லை... ரொம்ப நல்லா இருந்தது.”

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “மரம்னா நேரா வளரணும். அப்ப ஊடால மூங்கிலும் வைப்போம்.”

பனகல் பூங்கா பஸ் நிறுத்தம் வரை செல்வி என்னுடன் வந்தாள். பஸ் வந்ததும் சொன்னாள்: “அடுத்த தடவ மிகைன்னு எழுதாத. பொறாமைன்னே எழுது. எனக்குப் புரியும்.”

இதுவும் எனக்குத் தோன்றாத வரி.