புஷ்பம் கழுவிய கல்

ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டமொன்றில் பத்து வருடம் கொழுந்து பறித்த புஷ்பத்துக்கு இப்போது கல் கழுவுவதுதான் உத்தியோகம். சிரிக்காதீர்கள். வீடு கட்டுமுன் நிலத்தைத் துளைத்துப் பார்க்கும் குழுவில் அவள் சேர்ந்து பன்னிரண்டு வருடம். மெஷின் உருளை உருளையாக வெட்டியெடுக்கும் கல்லைக் கழுவி, ஆழ வரிசையில் பெட்டியில் அடுக்க வேண்டும். கண்டி மலைப் பாறைகள் இமயமலைக்கும் மூத்தவை என்று பொறியியலாளர்மார் பேசக் கேட்டதிலிருந்து, கல்லைக் கையில் எடுக்கும்போதே அவளுக்கு ஒரு மிடுக்கு வந்துவிடும்.

அன்று துளைத்தது அவள் பிறந்த அதே தோட்டத்தில். மண்சரிவில் லயத்து வரிசை வீடுகளை இழந்த முப்பது குடும்பங்களுக்கு அங்கேதான் வீடு வரவிருந்தது. ஆறு மீற்றரில் பாறை தட்டியது. பாறைக்குள் மூன்று மீற்றர் போனால் போதும் என்பது குழுவின் வழக்கம். போயாயிற்று. யாழ்ப்பாணத்துப் பொறியியலாளர் மகேந்திரராசா “அடிப்பாறை” என்று எழுதிவிட்டார். ஆட்கள் துளைக்கும் குழாய்களைக் கழற்றத் தொடங்கினார்கள்.

கடைசிக் கல்லைக் கழுவிய புஷ்பம் அதைப் பெட்டியில் அடுக்கவில்லை. இந்த மலைக் கல்லில் வெள்ளையும் கறுப்புமாக வரி ஓடும். பக்கத்து ரோட்டு வெட்டில், மலையை அறுத்த சுவரில், அந்த வரிகள் லேசாகச் சரிந்து படுத்திருந்தன. அவள் கையிலிருந்த கல்லிலோ வரி செங்குத்தாக நின்றது.

“சேர், இது மலையோட சேர்ந்த கல்லு இல்லீங்க. மேலேருந்து உருண்டு வந்து மண்ணுல பொதைஞ்சது. இன்னும் கொஞ்சம் எறக்கிப் பாப்போம்.”

“மூண்டு மீற்றர் போயிட்டுது, புஷ்பம். இவ்வளவு பெரிய கல்லு உருளுமோ?”

“எங்க லயத்து மேல உருண்டது இதவிடப் பெருசுங்க.”

மகேந்திரராசாவின் முகம் சுருங்கியது. விறுவிறுவென்று ரோட்டு வெட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், குழாயைத் திரும்பப் பூட்டச் சொன்னார். நல்ல மனிதர், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அரை மீற்றர்கூடப் போகவில்லை. குழாய் தடக்கென்று கீழே இறங்கியது. மேலே வந்தது ஈரச் சிவப்பு மண். முப்பது வீடும் எதன்மேல் நின்றிருக்கும் என்று எல்லோருக்கும் விளங்கியது. புஷ்பம் அழுதாள். அழுகையோடு பெருமையும் பொங்கியது, அதை அவள் மறைக்கவில்லை.

மூன்று கிழமைக்குப் பிறகு அதே வீடுகளுக்காக வேறோர் இடத்தில் துளைத்தார்கள். பாறை தட்டியது, மூன்று மீற்றரும் ஆயிற்று. குழாயில் கைவைத்தவர்களை மகேந்திரராசா தடுத்தார்.

“பொறுங்கோ. புஷ்பம் அக்கா பாத்திட்டாவோ?”

அவள் கல்லைக் கழுவி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வரி சரிந்து படுத்திருந்தது.

“கட்டலாங்க, சேர்.”

அதற்குப் பிறகுதான் அவர் பேனையைத் திறந்தார்.