எண்ணெய்த் தலையும் விசிலும்

குற்றாலச் சீசனில் பேரருவியில் நின்று, குளிப்பவர்களை விசில் ஊதி நகர்த்துவது போலீஸ்காரனான என் வேலை. இந்த வருடம் சீசனுக்கு முன்னால் லீவு போட்டு, மனைவியோடு பாலித் தீவுக்குப் போனேன். நன்றாகத் தூங்கினேன். அங்கே ஓர் அருவியைக் கண்டதும் பழக்கதோஷத்தில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்கினேன். அருவியை எட்டும் முன்பே காவலாளி விசில் ஊதினார். பின்னால் வருபவருக்கு வழிவிடச் சொல்கிறார் என்று ஓரமாக ஒதுங்கினேன். பின்னால் யாருமே இல்லை. அங்கே பார்க்க மட்டும்தான் அனுமதியாம்.

"ஊரையே விசில் ஊதி வெரட்டுத ஆளு, இங்கன வந்து வாங்கிக் கட்டிக்கிட்டியளே!" என்று மனைவி சிரித்தாள். எண்ணெய் வழிய ஹோட்டலுக்குத் திரும்பினேன்.

தென்காசிக்கு வந்த மறுநாளே பேரருவியில் டூட்டி. சாரல் அடித்துக்கொண்டிருந்தது. எண்ணெய்த் தலையோடு ஒருவர் அருவிக்குள் போனார். வழக்கமாக ஊதும் நேரத்தில் விசிலை வாயில் வைத்தேன். ஊத மனம் வரவில்லை. சற்று நேரத்தில் அவராகவே வெளியே வந்தார்.

"இன்னும் கொஞ்சம் குளிங்க, அண்ணாச்சி," என்றேன்.

"போதும் சார். பின்னால ஆளுக நிக்காவல்லா."

இத்தனை வருடமும் வரிசை என் விசிலுக்குத்தான் நகர்கிறது என்று நினைத்திருந்தேன். விசிலைச் சட்டைப்பையில் போட்டேன். அடுத்தவர் உள்ளே போனார்.