ஆட்டைப் பிடித்த பிள்ளை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் ஜெசிமா வீட்டுத் தொலைபேசியில் மல்லிகை அத்தர் மணக்கும். சார்ஜாவிலிருந்து வரும் அழைப்புக்காக ஜெசிமாவின் அம்மா, நாங்கள் 'மாமி' என்று கூப்பிடுகிறவர், ரிசீவரை ஈரத் துணியால் துடைத்து, பேசுகிற பக்கத்தில் அத்தர்ப் பஞ்சை ஓர் ஒற்று ஒற்றி வைத்துவிடுவார். வாசனை அந்தப் பக்கம் போகாது என்று மாமிக்குத் தெரியாதா என்ன; ஆனாலும் வாரம் முழுக்கக் காத்திருந்து பேசுகிற பேச்சை வெறும் பிளாஸ்டிக் வாடையோடு பேச அவருக்கு மனம் வராது. இன்றைக்கும் யாராவது மல்லிகை அத்தர் பூசிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது பெருநாள் நினைப்பு அல்ல, கோபம்தான்.

அறந்தாங்கியில் எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் சுவரில் போட்டோவாகத்தான் இருந்தார்கள். நாங்கள் அத்தா என்று கூப்பிடுகிற என் அப்பாவும் ஜெசிமாவின் அப்பாவும் சார்ஜாவில் ஒரே அறையில், ஒருவர் மேல்கட்டிலும் ஒருவர் கீழ்க்கட்டிலுமாக வாழ்ந்தவர்கள். தொலைபேசி மட்டும் ஜெசிமா வீட்டில்தான் இருந்தது. ஜும்மா தொழுகை முடித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து அவர்கள் அங்கிருந்து கூப்பிடும்போது இங்கே நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, முகம் கழுவி, பவுடர் போட்டு, கூடத்துப் பாயில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். முதலில் ஜெசிமா வீட்டார் பேசுவார்கள், அது அவர்கள் போன், பிறகு நாங்கள். அங்கே கைபேசியை நடுவில் வைத்து 'ஸ்பீக்கர்' போட்டுவிடுவார்களாம், ஒருவர் வீட்டுக் கதை அறை முழுக்கக் கேட்கும். இங்கே ஒரே ஒரு சட்டம்: வெளிநாட்டுப் பேச்சு நடக்கும்போது வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. "ஐ.எஸ்.டி. பேசும்போது தும்மக்கூடக் கூடாது, கார்டு தீந்துரும்" என்பார் மாமி. நாங்களும் தும்மலை அடக்கி மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

நாங்கள் என்றால் ஜெசிமா, செல்வி, பானு என்கிற நான். மூவரும் ஆறாம் வகுப்பு, ஒரே பெஞ்சு. செல்வியின் அப்பா திருமயம் பக்கம் மினி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார், தினமும் வீட்டுக்கு வந்துவிடுகிற அப்பா. அதனால் அவளுக்கு வெள்ளிக்கிழமை அழைப்பு எதுவும் கிடையாது. எங்களோடு சும்மா வந்து உட்கார்ந்து, யார் யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

பள்ளிக்கூடத்துக்கும் தெருவுக்கும் நடுவில், மாவு மில்லை ஒட்டி, சாக்கடை வேலைக்கென்று இறக்கி வைத்து யாரும் புதைக்காமல் விட்ட பெரிய சிமென்ட் குழாய் ஒன்று கிடந்தது. அதற்குள்தான் எங்கள் சபை. வீட்டுக்குப் போகும் வழியில் அதற்குள் நுழைந்து, அன்றைக்கு ஒவ்வொருவரும் எதை ஜெயித்தோம் என்று சொல்ல வேண்டும். அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'கெலிப்பு'. தெருமுனை நாயை முறைத்து ஒதுங்க வைத்தது செல்வியின் கெலிப்பு. மருந்துக் கசப்புக்கு முகம் சுளிக்காமல் இருந்தது என் கெலிப்பு. குழம்பில் கிடந்த ஒற்றை ஈரல் துண்டை அண்ணன்காரனுக்கு முன்னால் எடுத்துத் தின்றது ஜெசிமாவின் கெலிப்பு. எல்லாரையும் விடப் பெரிய கெலிப்பு சொன்னவள் குழாயின் நடுவில் உட்காரலாம், குச்சி ஐஸில் முதல் கடி கடிக்கலாம். வாரம் முழுக்கச் சேர்ந்ததில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, வெள்ளிக்கிழமை அத்தாவிடம் சொல்வதற்கென்று நானும் ஜெசிமாவும் எடுத்து வைத்துக்கொள்வோம். நேரம் கொஞ்சம்தான் கிடைக்கும் என்பதால், எப்படிச் சொல்வது என்று குழாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொள்வோம்.

அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அத்தா அனுப்பிய பணத்தில் அம்மா அறுத்துப் பங்கிட ஒரு குர்பானி ஆடு வாங்கினார். வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் காப்பிப்பொடி நிறம். கீரமங்கலம் பக்கத்திலிருந்து வரும் பலாக்குழையை அது சாப்பிடுகிற நேர்த்தியைப் பார்த்தால் நமக்கே பசிக்கும். குர்பானி கொடுக்கிற ஆட்டுக்கு ஊனம் இருக்கக் கூடாது. கால் நொண்டினாலோ காது கிழிந்தாலோ அது ஆகாது. அதனால் அம்மா என்னைவிட அந்த ஆட்டைத்தான் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். பெருநாளுக்குச் சில நாள் இருக்கும்போது கண்மாய்க்கரையில் மேய்த்துக் கூட்டி வரச் சொல்லி, "கயிற விட்ட, ஒன்னைய அறுத்துருவேன்" என்று சிரிக்காமல் சொல்லித்தான் அனுப்பினார்.

மூவருமாகப் போனோம். திரும்பி வரும்போது ஜெசிமா, "கொஞ்ச தூரம் நான் பிடிக்கிறேன்டி" என்று கெஞ்சிக் கயிற்றை வாங்கிக்கொண்டாள். மெயின் ரோட்டுக்கு வந்ததும் பின்னாலிருந்து ஒரு பஸ் ஹார்ன் அடித்ததில் ஆடு துள்ளியது. ஜெசிமா 'ஆத்தாடி' என்று கையை உதறினாள். அவ்வளவுதான், கயிறு பாம்பு மாதிரி ரோட்டில் நெளிந்துகொண்டு ஓடுகிறது, ஆடு அதற்கு முன்னால் ஓடுகிறது. ஜெசிமா ஒரு கடைப்படியில் ஏறி நின்று அலறினாள். செல்வி அங்கிட்டு மறிக்கிறேன் என்று குறுக்குச் சந்தில் ஓடினாள். நான் நேராக ஓடினேன். காய்கறிக் கடைகளைத் தாண்டி, ரயில்வே கேட் பக்கம் ஜல்லி கொட்டி வைத்திருந்த இடத்தில் அது ஒரு நொடி தயங்கியது. காலைப் பிடித்தால் கால் போய்விடும், காதைப் பிடித்தால் காது போய்விடும் என்று அம்மா சொன்னதெல்லாம் மண்டைக்குள் ஓட, பாய்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, அது ஜல்லியில் விழுந்துவிடாதபடி நான் அடியில் விழுந்தேன். ஆடு என் மேல் சொகுசாக விழுந்தது. என் வலது முட்டி கிழிந்து சதை தெரிந்தது. அங்கே டீக்கடை வைத்திருந்தவர் முட்டியில் தண்ணீர் ஊற்றிவிட்டு, "ஆட்டுக்கு ஒண்ணுமில்ல, ஒனக்குத்தான் குர்பானி ஆகிப்போச்சு, போ" என்றார்.

அம்மா முதலில் ஆட்டைக் கொம்பிலிருந்து குளம்பு வரை தடவிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் என் முட்டியைப் பார்த்தார். மஞ்சளை வைத்து அழுத்திக்கொண்டே, "வெள்ளிக்கிழம ஒங்க அத்தாகிட்ட நீயே சொல்லு" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு மேல் ஒரு பரிசு கிடையாது. மறுநாள் குழாயின் நடுவில் நான்தான் உட்கார்ந்தேன். எங்கே தயங்கியது, எப்படிக் கட்டிப் பிடித்தேன், டீக்கடைக்காரர் என்ன சொன்னார் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டினேன். கடைசியில் "ஆட்டுக்கு ஒரு கீறல் இல்லை அத்தா" என்று முடிக்க வேண்டும் என்பதையும் அங்கேயே முடிவு செய்தேன். ஜெசிமா ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாரம் அவளிடம் கெலிப்பு எதுவும் இல்லை. கணக்குப் பரீட்சையில் வேறு தோற்றுப் போயிருந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது, அத்தர் மணத்தது, மணி நீளமாக அடித்தது. வழக்கம்போல் ஜெசிமா முதலில் எடுத்தாள். அவள் அத்தா எப்போதும் கேட்பது போலக் கணக்கில் எவ்வளவு என்று கேட்டிருக்க வேண்டும். ரிசீவரை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "அத்தா, அது கெடக்கட்டும், இந்த வாரம் என்ன நடந்துச்சு தெரியுமா? பானு வீட்டுக் குர்பானி ஆடு ஓடிருச்சு. பானு கயித்த விட்டுட்டா. அவ அழுதுக்கிட்டே நின்னா. நான்தான் ஓடிப்போயிக் கழுத்தக் கட்டிப் புடிச்சேன். ஆட்டுக்கு ஒரு கீறல் இல்ல அத்தா" என்றாள். என் பேச்சு, என் மூச்சு, நான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, அப்படியே சொன்னாள். செல்வி "ஏய்" என்று வாயெடுத்தாள். மாமி உதட்டில் விரலை வைத்தார். நான் என் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பாயின் கோரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் முறை வந்தது. "என்னடா பானு, கயித்த விட்டுட்டியாமே" என்று அத்தா சிரித்தார். இல்லை அத்தா, நான்தான் பிடித்தேன், முட்டியெல்லாம் கிழிந்துவிட்டது என்று சொன்னேன். "இப்பத்தானம்மா ஜெசிமா சொல்லுச்சு, ரூமே கேட்டுச்சு. பொய் சொல்லக் கூடாதுடா. பரவால்ல, அழுவாத. அம்மாகிட்டக் குடு, கார்டு தீரப்போவுது" என்றார். முட்டியைப் போனில் காட்ட முடியாது. ரிசீவரை அம்மா வாங்கினார். இப்போது சொல்லிவிடுவார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் மாமி உட்கார்ந்திருக்க, அம்மா சொன்னார்: "ஆமாங்க. நல்ல வேள. நல்ல புள்ளங்க ஜெசிமா."

தெருவில் இறங்கியதும்தான் அம்மா என் கையைப் பிடித்தார். "அது அவுங்க வீட்டுப் போனு. ஒரு வார்த்த கூடக் கொறயச் சொல்லிப்புட்டா அடுத்த வெள்ளிக்கிழம நாம எங்கிட்டுப் போயி நிக்கிறது? வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரு. அத்தா ஊருக்கு வரட்டும், நான் சொல்றேன்." அம்மாவின் கஷ்டம் இப்போது எனக்குப் புரிகிறது. புரிவதால் ஆறிவிடுமா? ஜெசிமா செய்தது திருட்டு, அதைச் சின்னப் பிள்ளைத்தனம் என்று தள்ளிவிடலாம். பெற்ற தாய் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தத் திருட்டுக்குச் சாட்சி சொன்னதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

செல்வி சில நாள் ஜெசிமாவோடு பேசாமல் இருந்தாள். பிறகு ஜெசிமா வீட்டு டிவியில் ஓடிய தொடர் முக்கியமான கட்டத்துக்கு வந்துவிட்டதால் பேசிவிட்டாள். நானும் குழாய்க்குப் போனேன், ஆனால் கெலிப்பு சொல்லவில்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்பேன். ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்லியே பழகி, பின்னாளில் வேலை கிடைத்த செய்தியைக்கூட வீட்டில் மெதுவாகத்தான் சொன்னேன். வாயை விட்டு வெளியே போனால் யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று உள்ளுக்குள் ஒரு பயம்.

பெருநாள் முடிந்து சில மாதம் கழித்து, அத்தாவின் அறையிலிருந்து ஒருவர் விடுமுறைக்கு வந்தார். எங்களுக்கு அத்தா கொடுத்துவிட்ட பெட்டியில் சோப்பு, தைலம், அம்மாவுக்குச் சேலை, எனக்குப் பென்சில் டப்பா. அடியில் ரோஸ் நிறத்தில் ஒரு கைக்கடிகாரம், பட்டையில் பூப் போட்டது. அள்ளிக் கையில் கட்டப் போனேன். வந்தவர், "அது ஆட்டப் புடிச்ச புள்ளைக்காம்" என்றார். அம்மா அதை என் கையிலிருந்து வாங்கி, முந்தானையால் துடைத்து, திரும்ப என்னிடமே தந்து, "நீயே கொண்டுபோயிக் குடுத்துட்டு வா" என்றார். கொடுத்தேன். ஜெசிமா என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அவள் மணிக்கட்டுக்கு அது பெரிதாக இருந்தது.

அத்தா அடுத்த முறை ஊருக்கு வந்தபோது அம்மா சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை, நினைவுபடுத்தியதற்கு, "இன்னும் அதையாடி நெனச்சிக்கிட்டிருக்க" என்றார். நானே பாவாடையை நகர்த்தி முட்டித் தழும்பைக் காட்டி அத்தாவிடம் சொன்னேன். அவர் என்னை மடியில் இழுத்து, "சரி சரி, நீயும்தான் புடிச்ச" என்று சிரித்தார். மிட்டாய்க்கு அழுகிற பிள்ளைக்குப் பாதி ஒடித்துக் கொடுப்பது மாதிரி கொடுத்தார்.

இப்போது அத்தா நிரந்தரமாக ஊரோடு வந்துவிட்டார். மாமி காலமாகிவிட்டார், அந்தத் தொலைபேசி இருந்த முக்காலியில் வைஃபை பெட்டி மினுங்குகிறது. கார்டு கிடையாது, வரிசை கிடையாது, வெள்ளிக்கிழமைக்கென்று யாரும் எதையும் எடுத்து வைப்பதில்லை. விழுந்த பிள்ளையின் முட்டியை அடுத்த நிமிடமே வீடியோவில் துபாய்க்குக் காட்டிவிடுகிறார்கள். சிமென்ட் குழாயை யாரோ உடைத்துக் கம்பியை எடுத்துப் போய்விட்டார்கள்.

இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சென்னையிலிருந்து ஜெசிமா மகளோடு வந்திருந்தாள். எங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்காலியில் இருந்த அத்தா அவளைக் கண்டதும், "வாம்மா, ஆட்டப் புடிச்ச புள்ள" என்றார். "ஐயோ மாமா, அத இன்னும் மறக்கலையா நீங்க" என்று வெட்கப்பட்டுவிட்டு, ஜெசிமா மகளுக்கு அந்தக் கதையைச் சொன்னாள். ஹார்ன் அடித்தது, ஜல்லியில் விழுந்தது, டீக்கடைக்காரர் சொன்னது எல்லாம் அதில் இருந்தது. கடைப்படியில் நின்றவளுக்கு டீக்கடைக்காரர் சொன்னது எப்படிக் கேட்டிருக்கும்? "பானு, ஒனக்கு ஞாபகம் இருக்கா, நீ எப்புடி அழுத!" என்று என் தொடையில் தட்டினாள். அவள் கண்ணைக் கூர்ந்து பார்த்தேன். அதில் பொய் இல்லை. சொல்லிச் சொல்லி அவளுக்கு அது சொந்தமாகவே ஆகிவிட்டது.

"நெசமாவா மாமி, நீங்க அழுதீங்களா?" என்று அந்தப் பிள்ளை என்னைக் கேட்டது.

அம்மா டீத் தட்டோடு அடுப்படி வாசலில் வந்து நின்றார். எல்லாம் கேட்டிருக்கிறது என்று முகத்தில் தெரிந்தது. இனி யார் வீட்டுப் போனும் எங்களுக்குத் தேவையில்லை. 'நான் சொல்றேன்' என்று தெருவில் வைத்துச் சொன்னாரே, அந்த வார்த்தைக்காக நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா குனிந்து, "டீ ஆறிப்போவுது" என்று முதல் கிளாஸை ஜெசிமாவிடம் நீட்டினார்.

"ஆமாம்மா, ரொம்ப அழுதேன்" என்றேன் அந்தப் பிள்ளையிடம்.

அத்தா நாற்காலியிலிருந்து எட்டி என் முதுகில் தட்டிக்கொடுத்தார். "பரவால்ல விடுடா" என்றார்.