கழுத்துக் கழலையும் சித்திரைக் குளிரும்

கல்யாணமாகி மூன்றாவது வருஷம், சித்திரை மாதத்தில் எனக்குக் குளிர ஆரம்பித்தது. திருவண்ணாமலை வெயிலில் கிடந்து வெந்தவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பகலெல்லாம் காய்ந்த மலை ராத்திரி வரைக்கும் ஊர்மேல் அனலை விடும். வீட்டில் எல்லாரும் மொட்டை மாடிக்குப் போய்விடுவார்கள். நான் மட்டும் உள் அறையில் போர்வைக்குள் சுருண்டு கிடப்பேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் அடி அண்ணாமலையில் பிறந்தவள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை குனிந்து களை எடுத்தாலும் அலுக்காத உடம்பு. டவுனில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அங்கே வேலை கம்மி. ஆனால் நாலு பாத்திரம் துலக்கினால் உட்கார்ந்துவிடுவேன். தலை வாரினால் சீப்போடு முடி கொத்தாக வந்தது. முகம் உப்பி, குரல் கரகரத்துப் போயிற்று.

"டவுன் சோறு ஒட்டிக்கிச்சு" என்று பார்ப்பவர்கள் சொன்னார்கள். "ஏதாவது விசேஷமா?" என்று கேட்டார்கள். விசேஷம் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும், என் மாமியாரின் வாயில் "சோம்பேறி" என்ற சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கே அப்படித்தான் தோன்றியது. நாளைக்கு விடிகாலையில் எழுந்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு ராத்திரியும் தீர்மானம் செய்வேன். எழ முடியாது.

கழுத்தை முதலில் கவனித்தவள் என் நாத்தனார். என் வயதுதான். வாய்த் துடுக்கு ஜாஸ்தி, அவளிடம் எனக்குக் கொஞ்சம் பயம். ஒரு கல்யாணத்துக்குப் புறப்படும்போது பின்னால் நின்று எனக்கு அட்டிகை மாட்டிவிட்டாள். கொக்கி எட்டவில்லை. இழுத்துப் பார்த்தாள். முன்பக்கம் வந்து என் முகவாயைத் தூக்கினாள்.

"இன்னா அண்ணி இது? கழுத்து இப்படி வீங்கியிருக்குது!"

மாமியார் வந்து பார்த்துவிட்டு, "கண்டமாலை. தொத்திக்கும்" என்றார். அன்றிலிருந்து என் டம்ளர் தனியாயிற்று. யாரோ சொன்னார்கள் என்று பச்சிலை அரைத்துப் பத்துப் போட்டார்கள். வீக்கம் அப்படியே இருந்தது. தோல்தான் வெந்து கொப்பளித்தது. எரிச்சல் தாங்காமல் நான் அழுததைப் பார்த்த நாத்தனார் அம்மாவிடம் சண்டைக்கு நின்றாள். "நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறேன்" என்றாள். என் கணவர் கடையைச் சாத்திவிட்டுக் கூடவே வந்தார்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து, "என் எதிர்ல நின்னு மெதுவா குடிங்க" என்றார். நான் விழுங்க விழுங்க வீக்கம் மேலே ஏறி இறங்கியது. அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"இது தைராய்டு. எல்லார் கழுத்துலயும் இருக்கிற சுரப்பிதான். உங்களுக்கு வீங்கியிருக்கு. குளிருதா? தூக்கம் ஜாஸ்தியா? மலச்சிக்கல் இருக்கா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவே இல்லையே.

வேலூருக்குப் பஸ் ஏறிப் போய் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். முடிவு வந்ததும் டாக்டரம்மா மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். "இந்தச் சுரப்பியில இருந்து வர்ற சத்துதான் உடம்பைச் சூடா, சுறுசுறுப்பா வெச்சிருக்கும். சிலருக்கு அது ஜாஸ்தியா சுரக்கும், கை நடுங்கும், இளைச்சுப் போவாங்க. உங்களுக்குக் கம்மி. பத்தலை பத்தலைன்னு மூளை அதை விரட்டுது. அதுவும் முடியாம முக்கி முக்கி வீங்கிப் போச்சு."

"தொத்துமா?" என்றார் என் கணவர்.

"தொத்தாது."

"அப்போ அண்ணி சோம்பேறி இல்ல" என்றாள் நாத்தனார், அம்மாவே எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல. வீட்டுக்கு வந்ததும் என் டம்ளரில் மோரை ஊற்றி, மாமியார் பார்க்கவே கடகடவென்று குடித்தாள். மறுநாள் டம்ளர்கள் ஒன்றாகக் கழுவப்பட்டன.

காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை. அவ்வளவுதான் வைத்தியம். "ஆயுசுக்கும் மாத்திரையா?" என்று மாமியார் மலைத்தார். "ஆயுசுக்கும் சோறு திங்கல?" என்று நாத்தனார் மடக்கினாள்.

முதலில் குளிர் போயிற்று. ஒரு நாள் மத்தியானம் எனக்கு வேர்த்தது. விசிறியைத் தேடி எடுத்தேன், எடுத்தவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தேன். கழுத்து வற்றப் பல மாதங்கள் ஆயின. முழுக்க வற்றவும் இல்லை. தொட்டால் இன்றைக்கும் ஒரு மேடு தெரியும். எனக்கு மகள் பிறந்தாள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதை மறக்காமல் தினமும் எடுத்துக் கொடுத்தவர் என் மாமியார்.

எண்பதுகளின் தொடக்கத்தில், மாட வீதியில் பூக்கட்டி விற்கும் ஒரு பெண்ணின் கழுத்தில் ஒரு பக்கமாக உருண்டை தெரிந்தது. முந்தானையால் மூடி மூடி வைத்திருந்தாள். பூ வாங்கும் சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்து என் கதையைச் சொன்னேன். "எனக்கும் அந்த மாத்திரை வாங்கிக் குடுக்கா" என்றாள். "எனக்கு வந்ததே உனக்கும் வந்திருக்கும்னு யார் சொன்னது? டாக்டர் பார்த்துட்டுத்தான் சொல்லணும்" என்று அவளையும் அழைத்துப் போனேன்.

அவளுக்கு மாத்திரை போதாது, ஆபரேஷன் என்றார்கள். "கழுத்தை அறுக்கறாங்களாம், பயமா இருக்குதுக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேலூரில் கூடவே இருந்தேன். எடுத்த கட்டியைச் சோதித்துவிட்டு, கெட்ட கட்டி இல்லை என்று சொன்னார்கள். கொஞ்ச நாள் அவள் குரல் காற்றாகத்தான் வந்தது. பிறகு தேறிவிட்டது.

அந்த வருஷம் தீபத்துக்கு ராஜகோபுரத்துப் பக்கம் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு போனேன். மகள் என் இடுப்பில் இருந்தாள். "மொழம் மல்லி! மொழம் மல்லி!" என்று எல்லாச் சத்தத்துக்கும் மேலே ஒரு குரல் கேட்டது. அவள்தான். முந்தானை தோளில் கிடந்தது. என்னைக் கண்டதும் இரண்டு முழம் அறுத்து, ஒன்றை மகள் தலையிலும் ஒன்றை என் தலையிலும் வைத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடத் திரும்பினாள்.