ஏழாம் பாதையின் சிவப்பு ஏற்றம்

என் சித்தியின் வேலை, மேடுகளுக்கு நிறம் கொடுப்பது. பேருந்து நிலையத்தின் மாடியில் இரண்டே அறைகள் கொண்ட சைக்கிள் பாதை அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக அதைத்தான் செய்துவந்தார். அதற்கு முன்பு கீழே பேருந்துகளில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்.

கடற்கரையிலும் அதன் பின்னால் விரியும் வயல்வெளியிலும் மொத்தம் பதினோரு பாதைகள். அவற்றில் அறுபத்துமூன்று ஏற்றங்கள். அலுவலகம் வெளியிடும் மடக்கு வரைபடத்தில் ஒவ்வோர் ஏற்றத்துக்கும் ஒரு நிறம் உண்டு. பச்சை என்றால் பேசிக்கொண்டே ஏறலாம். மஞ்சள் என்றால் விட்டுவிட்டுப் பேசலாம். சிவப்பு என்றால் வாயை மூடிக்கொண்டு மிதிக்க வேண்டும். வரைபடத்தின் மூலையில் இரண்டு மொழிகளிலும் இப்படியேதான் அச்சிட்டிருப்பார்கள். படிப்பவர்கள் வேடிக்கைக்காக எழுதியது என்று நினைப்பார்கள். உண்மையில் அளந்ததே அப்படித்தான்.

முதல் வரைபடம் போட்டபோது சரிவை அளக்கும் கருவி எதுவும் அலுவலகத்தில் இல்லை. சித்தி ஒரு வழி கண்டுபிடித்தார். அவரும் சித்தப்பாவும் ஆளுக்கொரு சைக்கிளில் ஏறுவார்கள். சித்தி முன்னால் பேசிக்கொண்டே போக வேண்டும். சித்தப்பா கைப்பிடியில் நோட்டை ரப்பர் வளையத்தால் மாட்டிக்கொண்டு பின்னாலேயே வர வேண்டும். பேச்சு தடுமாறும் இடத்தில் மஞ்சள் கோடு, நிற்கும் இடத்தில் சிவப்புக் கோடு.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. சித்தி அதிகம் பேசாதவர். ஆனால் சித்தப்பாவைத் திட்டுவதென்றால் மட்டும் வார்த்தைக்குப் பஞ்சமே வராது. ஆகவே அறுபத்துமூன்று ஏற்றங்களும் திட்டித்தான் அளக்கப்பட்டன. ஒழுகும் குழாய், தொலைந்துபோன குடைகள், சொல்லாமல் கூட்டிவந்த விருந்தாளிகள் என்று விஷயத்துக்குக் குறைவில்லை. வயலில் வேலை செய்பவர்கள் நிமிர்ந்து பார்த்து, "திட்டு வண்டி வருது" என்று சிரிப்பார்களாம்.

"ஊர்ல எல்லாரும் வீட்டுக்குள்ள சண்டை போடுவாங்க. இவ மட்டும்தான் சம்பளம் வாங்கிக்கிட்டுப் போடுறா" என்பார் என் அம்மா. சித்தியின் அக்கா அவர்.

அம்மாவுக்கு ஏறினால் மூச்சு வாங்கும். சிவப்பு என்றால் அந்தப் பக்கமே போகமாட்டார். ஏழாம் பாதையில் கலங்கரை விளக்க ஏற்றத்தின் அடிவாரம் வந்ததும் ஒவ்வொரு முறையும் சைக்கிளைத் திருப்பிவிடுவார். "என் தங்கச்சியே சிவப்புன்னு போட்டிருக்கா. எனக்கென்ன தலையெழுத்தா?" என்பார். அம்மா மட்டுமல்ல, வயதானவர்களும் குழந்தைகளோடு வருபவர்களும் அங்கேதான் திரும்பினார்கள். திரும்பித் திரும்பி அந்த இடத்து மண் ஒரு வட்டமாக வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

போன வருடம் சாலைத் துறையிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும். சைக்கிளில் பொருத்துகிற, தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்று அவரிடம் இருந்தது. வரைபடத்தின் புதிய பதிப்பு அந்த வாரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். திங்களன்று அவர் சித்தியின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"மேடம், லைட்ஹவுஸ் ஏத்தம் சிவப்பா?"

"ஆமா சார்."

"நேத்து ராத்திரி இருட்டுல ஏறிப் பாத்தேன். கருவி நாலுதான் காட்டுது. நூறு அடி போனா நாலடி ஏறுது. என் மாமியார் பாட்டுப் பாடிக்கிட்டே ஏறிடுவாங்க."

சித்தி பழைய நோட்டைத் தேடி எடுத்தார். ஏழாம் பாதைப் பக்கத்தில், ஏற்றத்தின் திருப்பம் வரும் இடத்தில், சித்தப்பா அழுத்திப் போட்ட சிவப்புக் கோடு இருந்தது.

"ஒண்ணு தப்புன்னா மத்த அறுபத்திரண்டையும் எப்படி மேடம் நம்புறது?" இன்ஜினியர் கோபமாகக் கேட்கவில்லை. வருத்தமாகத்தான் கேட்டார். பழைய நிறங்களை மொத்தமாக நீக்கிவிட்டு எல்லாவற்றையும் கருவியால் புதிதாக அளக்கலாம் என்று மேலிடத்துக்கு எழுதப்போவதாகச் சொன்னார். அப்படிச் செய்தால் வரைபடத்தின் அடியில் 'நிறம் குறித்தவர்' என்று இருக்கும் சித்தியின் பெயரும் போய்விடும்.

சித்தி அன்று சாப்பிடவில்லை. பெயர் போனால் போகட்டும். பத்தொன்பது வருடமாகத் தன்னை நம்பி ஏறியவர்களிடமும் திரும்பிப் போனவர்களிடமும் பொய் சொல்லியிருக்கிறோமா என்பதுதான் அவரைத் தின்றது. மறுநாள் இன்ஜினியரிடம், "எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை எங்ககூட ஏறிப் பாருங்க சார்" என்றார்.

புதன்கிழமை காலை மூவரும் கிளம்பினார்கள். அன்று நடந்ததை மூவரும் தனித்தனியாக எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

வெங்காய வயல்களைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் புதர்வேலி வளர்ந்து சாலையை மறைத்திருந்தது. தேய்ந்த வட்டத்தைக் கடந்த உடனே சித்தி ஆரம்பித்தார்.

"அந்தக் குழாய்க்கு ஒரு வாஷர் வாங்கிப் போட உங்களுக்கு நேரமில்ல. பக்கத்து வீட்டுக் குழாயைச் சரிபண்ண மட்டும் நேரமிருக்கு."

"அவரு தன்மையா கேட்டாரு."

"நான் என்ன தடியெடுத்துக்கிட்டா கேட்டேன்?"

கருவியைப் பார்ப்பதா, காதைப் பொத்திக்கொள்வதா என்று தெரியாமல் இன்ஜினியர் பின்னால் வந்தார். கருவி நாலு காட்டியது. பிறகு மூன்றரை. மறுபடியும் நாலு. சித்திக்கு மூச்சு துளியும் வாங்கவில்லை. குழாயை முடித்துக்கொண்டு குடைக்கு வந்தார். "ஒரு மனுஷன் ஒரு குடையைத் தொலைப்பான். ரெண்டு தொலைப்பான். மூணாவது குடையையும்..."

புதர்வேலி முடிந்தது. சாலை திரும்பியது.

கடல் கண் மட்டத்துக்கு எழுந்து எதிரே சுவர்போல் நின்றது. நிலம் நாக்குபோல் ஒடுங்கி நீண்டிருக்க, மூன்று பக்கமும் தண்ணீர். தொடுவானம் ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை வளைந்து கிடந்தது. மிகத் தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல் எறும்பளவில் இருந்தது. கீழே அலை பாறையில் மோதிச் சிதறுவது முதலில் தெரிந்தது. சத்தம் ஒரு நொடி கழித்துத்தான் மேலே வந்தது. வெள்ளைப் பறவைகள் அவர்களுக்குக் கீழே பறந்தன. பறவைகளின் முதுகை அதுவரை பார்த்ததே இல்லை என்றும், பார்க்கலாமா கூடாதா என்று ஏதோ கூச்சமாக இருந்தது என்றும் இன்ஜினியர் என்னிடம் சொன்னார். சைக்கிளை எப்போது நிறுத்தினோம் என்று மூவருக்குமே நினைவில்லை.

அந்த அமைதியில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. சித்தப்பா நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"பேச்சு நின்னுச்சுல்ல?"

"எனக்கா மூச்சு வாங்குது? கடலைப் பாத்து நின்னேங்க!"

"பேச்சு நின்னா கோடு போடுங்கன்னு சொன்ன. போட்டேன். ஏன் நின்னுச்சுன்னு கேக்கச் சொன்னியா?"

சித்திக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்போ அன்னைக்கும்..."

"அன்னைக்கும் இதே இடம்தான். கீழ இறங்குற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. ரொம்பக் கஷ்டமான ஏத்தம்போலன்னு நெனச்சேன்."

"நீங்க கடலைப் பாக்கவே இல்லையா?"

"உன் வாயைப் பாத்துக்கிட்டு வரதுதானே என் வேலை."

எல்லாப் பாதைகளையும் முடித்துவிட்டு, மாதங்கள் கழித்து, மழைக்காலத்தில் மேசையில் உட்கார்ந்துதான் சித்தி நிறம் தீட்டினார். கடல் நினைவிருந்தது. மூச்சு நினைவில்லை. நோட்டு சொன்னதை நம்பிச் சிவப்பைப் பூசினார். பிறகு அவரே அங்கே ஏறவில்லை. குறித்தவருக்கே அந்தச் சிவப்பிடம் பயம்.

இறங்கும்போது இன்ஜினியர் மெதுவாகச் சொன்னார். "மேடம், அச்சுப் பிழைன்னு சொல்லிடலாம். நான் எதுவும் எழுதல."

"அச்சுக்காரர் தலையில ஏன் சார் கட்டணும்? அச்சை நிறுத்துங்க. அறுபத்துமூணையும் அளந்து பாருங்க."

அளக்க ஐந்து வாரம் ஆனது. அறுபது சரியாக இருந்தன. பெரும்பாலானவற்றில் சிவப்புக் கோடு தொடங்கிய இடத்துக்கும் கருவி எகிறிய இடத்துக்கும் பத்தடி வித்தியாசம்கூட இல்லை. இன்ஜினியர் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாராம். ஒரு மனுஷியின் மூச்சு இவ்வளவு துல்லியமாக இருக்க முடியுமா என்று.

தவறாக இருந்தவை மூன்று. முதலாவது கலங்கரை விளக்கம். இரண்டாவது சதுப்பு நிலத்து மேடு. முதன்முதலில் அளந்த அன்று ஆயிரக்கணக்கான நாரைகள் ஒன்றாக எழுந்து வானத்தை மறைத்தது சித்திக்கு உடனே ஞாபகம் வந்தது. மூன்றாவது இடத்தில் எதுவுமே இல்லை. வெறும் வேலி, வெறும் வயல். மூவரும் அங்கேயே போய் நின்று யோசித்தார்கள்.

"இங்க எதைப் பாத்து நின்ன?" என்றார் சித்தப்பா.

சித்தி கொஞ்சம் யோசித்தார். "எதையும் பாக்கல. இங்கதான் நீங்க மன்னிப்பு கேட்டீங்க. கல்யாணமாகி அதுதான் முதல் தடவை. வாயடைச்சுப் போச்சு."

புதிய வரைபடத்தில் அந்த மூன்றும் பச்சை. சித்தியின் பெயர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன் கீழே 'கருவியால் சரிபார்க்கப்பட்டது' என்ற ஒரு வரி கூடியிருக்கிறது. சேர்க்கச் சொன்னது சித்திதான்.

அது வெளிவந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா முதல்முறையாக அந்த ஏற்றத்தில் ஏறினார். சித்தியும் சித்தப்பாவும் பின்னால் வந்தார்கள். அடிவாரத்திலிருந்தே அம்மாவின் குரல் ஓயவில்லை.

"பத்தொன்பது வருஷம்டி! கூடப் பொறந்தவன்னு நம்பினேன் பாரு. வருஷா வருஷம் கீழயே திருப்பி அனுப்பியிருக்க. என்னைக் கேட்டா உன்னையெல்லாம் மறுபடி டிக்கெட் கிழிக்கத்தான்..."

புதர்வேலி முடிந்தது.

அம்மா ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். கை தானாக நெஞ்சுக்குப் போயிருந்தது. காற்று முந்தானையை இழுத்தது. அவர் அதைப் பிடிக்கவில்லை.

பின்னால் சித்தப்பா சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். சித்தி அவரைத் திரும்பிப் பார்த்தார். பென்சில் மறுபடி பைக்குள் போனது.