துவக்கோடு ஒரு படம்

பிற்பகல் மூன்றேகால். படம் இயந்திரத்திலிருந்து நழுவித் தட்டில் விழுந்தது. முதலில் தெரிந்தது ஒரு செம்மஞ்சள் தொப்பி. அதற்குக் கீழே எங்கள் வீட்டு மாடி அறையில் இருப்பவரின் முகம். அவருடைய நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு துப்பாக்கி.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, நவம்பர் மாதம். கனடாவில், வெக்ஸ்போர்ட் பகுதியின் ஒரு பிளாசா மூலையில், பல் வைத்தியருக்கும் லெபனான்காரரின் பேக்கரிக்கும் நடுவில், ஒரு மணி நேரத்தில் படம் கழுவித் தரும் கடை இருந்தது. அங்கே நான் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டேன். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் வேலை. எந்தப் படத்தைப் பார்த்தாலும் "இடமிருந்து வலம்" என்று மனம் தன்பாட்டில் குறிப்பு எழுதத் தொடங்கும். பெயர்கள் தெரியாததால் குறிப்பு அந்த இரண்டு சொற்களோடு நின்றுவிடும்.

மான் வேட்டைக் காலம் முடிந்ததும் வேட்டைக்காரர்களின் ஃபிலிம் சுருள்கள் வரத் தொடங்கும். வடக்கே காட்டுக்குப் போய்த் திரும்பியவர்கள் தாடியோடும் புகை நாற்றத்தோடும் நேராகக் கடைக்குள் வருவார்கள். படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். பிக்அப் வண்டியின் பின்கதவில் உட்கார்ந்தபடி மடியில் துப்பாக்கி. பாசி பிடித்த பாறையில் ஒரு காலை ஊன்றி, தோளில் துப்பாக்கி. சில படங்களில் மனிதரே இல்லை. வெள்ளை மரத்தில் சாய்த்து வைத்த துப்பாக்கி மட்டும் இருக்கும். கட்டம் போட்ட போர்வையை இலைச் சருகின்மேல் விரித்து, பிறந்த குழந்தையைப் போல் அதில் கிடத்திய துப்பாக்கியும் உண்டு. மானைவிட அதற்குத்தான் நல்ல வெளிச்சம் தேடியிருப்பார்கள்.

ஒருவர் படங்களைத் திருப்பிக் கொண்டுவந்தார். ஓய்வுபெற்ற கிழவர். தன் முகம் எந்த நிறத்தில் வந்தாலும் பரவாயில்லை, துப்பாக்கியின் பின்கட்டை வால்நட் மரம், அதைச் சிவப்பாக்கிவிட்டாய் என்றார். சிவப்பைக் குறைத்து அடித்தேன். மஞ்சள் கூடிவிட்டது என்றார். பிறகு வண்டிக்குப் போய் உறையோடு துப்பாக்கியையே எடுத்துவரவா என்று கேட்டார். கடைக்காரர் வேண்டாம் என்றார். கடைசியில் கட்டையின் நிறம் சரியாக வந்தபோது கிழவரின் முகம் பச்சையாக இருந்தது. திருப்தியோடு வாங்கிக்கொண்டு போனார்.

நான் வளர்ந்த இடத்தில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் படம் எடுக்க விடுவதில்லை. எங்கள் பத்திரிகையின் படப்பிடிப்பாளரிடம் ஒரு முறை கமராவைப் பறித்து, ஃபிலிமை வெளியே இழுத்து வெயிலில் பிடித்தார்கள். எந்தத் தரப்பு என்பது இப்போது முக்கியமில்லை. துப்பாக்கியைப் பார்த்துச் சிரிக்கும் மனிதர்களை முதன்முதலில் கண்டது இந்தக் கடையில்தான்.

மாடி அறைக்காரர் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் மாலை வேலை. நான் பகல் வேலை. என் இருப்பிடம் அதே வீட்டின் பேஸ்மென்ற். யன்னலால் பார்த்தால் கார்ச் சக்கரங்களும் சப்பாத்துகளும் தெரியும். சமையலறை பொது. இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும், அவருடைய முகத்தைவிட அவர் கழுவிக் கவிழ்த்து வைத்த சோற்றுப் பானையைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவருடைய அகதி வழக்கு முடிந்துவிட்டது. மனைவியைக் கூப்பிட விண்ணப்பித்திருந்தார். மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்தார். இவ்வளவும் படிக்கட்டில் சந்தித்த வேளைகளில் தெரிந்துகொண்டவை.

வேலைக்குப் போகும் வழியில் அவர் கடைக்குள் வந்தார்.

"அண்ணை, வடிவா வந்திருக்கோ?"

"வந்திருக்கு. உது ஆரின்ர துவக்கு?"

"போர்மன்ர. தேப்பன்ர துவக்காம். பெண்சாதியைவிட அவனுக்கு உதிலதான் பட்சம். ஒருத்தரையும் தொட விடமாட்டான். எனக்குத் தந்தவன்."

தொழிற்சாலையில் அவருக்கு மேற்பார்வையாளரான போர்மன் அவரை இரண்டு நாள் வேட்டை முகாமுக்குக் கூட்டிப்போயிருந்தார். அவர் ஒன்றையும் சுடவில்லை. உரிமம் இல்லை, ஆசையும் இல்லை. சமைத்தார்.

"மிளகாய்த்தூள் போட்டு மான் இறைச்சி வைச்சுக் குடுத்தன். அழுதழுது திண்டாங்கள் அண்ணை. ஒருத்தனும் கோப்பையை விடேல்லை."

முகாமில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வந்தவர் கடைசி நாளன்று, கூட்டிவந்தவரின் துப்பாக்கியை வாங்கிப் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுக்கவேண்டும். குண்டுகளைக் கழற்றி, மூன்று பேர் மாறி மாறிச் சரிபார்த்த பிறகுதான் கையில் கொடுத்தார்களாம். படத்தில் போர்மன் பக்கத்தில் நின்று அவருடைய தோளில் கை போட்டிருந்தார். போர்மனின் மறு தோளில் இன்னொரு துப்பாக்கி தொங்கியது.

"உதில ஒண்டு பெரிசா அடிச்சுத் தாங்கோ. அவவுக்கு அனுப்பவேணும்."

"தம்பி, உதை அனுப்பாதையும்."

"ஏன்?"

"லொட்ஜைச் செக் பண்ண வாற பொலிஸ் உதைக் கண்டால் என்ன நினைப்பான்? காடு, துவக்கு, தமிழ்ப் பெடியன்."

"பனி கிடக்கெல்லோ அண்ணை! வன்னியில எங்க பனி?"

"வாறவன் பனியைப் பாக்கமாட்டான்."

"செம்மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு ஆரண்ணை சண்டைக்குப் போறது? ஒரு மைலுக்கு அங்காலயே தெரியும்."

நானும் சிரித்துவிட்டேன். பிறகு இரண்டு பேரும் நிறுத்திவிட்டோம். அந்த நாட்களில் லொட்ஜுகளில் தேடுதல் அடிக்கடி நடந்தது. யாழ்ப்பாண விலாசம் போட்ட அடையாள அட்டையே போதும், ஆளைக் கொண்டுபோக. பிடிபட்டவர் எப்போது வெளியே வருவார் என்பது யாருக்கும் தெரியாது. விசாவும் அதோடு போய்விடலாம்.

அவர் கண்ணாடி மேசையில் கிடந்த படத்தை விரலால் நேராக்கினார்.

"ஒவ்வொரு ரெலிபோனிலயும் கேக்கிறா, அங்க உங்களுக்கு ஆரும் இருக்கினமோ எண்டு. ஓம் ஓம் எண்டு சொல்லி எனக்கே அலுத்துப்போச்சு. உதைக் கண்டால் நம்புவா."

என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை.

துப்பாக்கி வராமல் வெட்டி அடித்துத் தருகிறேன் என்று சொன்னேன். உள்ளே கூட்டிப்போய் இயந்திரத்தின் சிறிய திரையில் காட்டினேன். அவருடைய துப்பாக்கியை விலக்கினால் நெஞ்சு போயிற்று. போர்மனுடைய துப்பாக்கியை விலக்கினால் போர்மனும் போனார். மிஞ்சியது தொப்பி, முகம், ஒரு தோள். தோளின்மேல் நான்கு விரல்கள்.

"உது பாஸ்போட் படம் மாதிரியெல்லோ கிடக்கு."

"ஓம்."

"பின்னால நிக்கிற மரமாவது வரட்டும்."

மரம் வந்தது. அவர் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். முன்னால் ஒரு பெண் மணியை அடித்தார். நான் போய் ஃபிலிமை வாங்கி வைத்துவிட்டுத் திரும்பியபோதும் அவர் அப்படியே நின்றார்.

"சரி. உதையே அடியுங்கோ."

வெட்டிய படத்தைக் கடித உறையில் வைத்தார். முழுப் படத்தை ஜாக்கெட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் சந்தித்தோம். இராச் சாப்பாட்டு இடைவேளையில் எல்லார் முன்னிலையிலும் போர்மன், உன் மனைவிக்கு என் அப்பாவின் துப்பாக்கி பிடித்ததா என்று கேட்டாராம்.

"என்ன சொன்னீர்?"

"நல்லாப் பிடிச்சிருக்காம் எண்டன். வேற என்ன சொல்லுறது? வெட்டிப்போட்டு அனுப்பினன் எண்டு சொல்லேலுமே?"

கிறிஸ்துமஸ் விடுமுறையில் மனைவியின் பக்கத்துச் செய்தியும் வந்தது. படம் கிடைத்துவிட்டது. மெலிந்துபோனீர்கள் என்றாராம். பிறகு, தோளில் கிடக்கும் கை யாருடையது என்று கேட்டாராம்.

"போர்மன்ர எண்டன். மோதிரம் போட்டிருக்கே எண்டா. இஞ்ச கலியாணம் கட்டின ஆம்பிளையளும் மோதிரம் போடுறவை எண்டன். ம்ம் எண்டா. அந்த 'ம்ம்' சரியில்லை அண்ணை."

"ரெலிபோனில விளங்கப்படுத்தும்."

"விளங்கப்படுத்த விளங்கப்படுத்தக் கூடுதலாச் சந்தேகம் வருது." பானையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "முழுப் படத்தை அனுப்பினால் ஒரு நிமிசத்தில முடிஞ்சுபோம். விலாசமும் எழுதி வைச்சிட்டன்."

"போட்டிட்டீரோ?"

"இன்னும் இல்லை."

அவர் மேலே போனார். நான் கீழே வந்தேன். அந்தக் குளிர்காலத்தில் பல நாட்கள் கடையில் ஆங்கிலத்தில் நிறத்தைப் பற்றி மட்டும் பேசினேன். தமிழில் ஒரு சொல்கூடப் பேசாமல் நித்திரைக்குப் போனேன். வேட்டைக்காரர்கள் வருவது நின்றுவிட்டது. பிறந்தநாள் கேக்குகளும் பனிச் சறுக்கலும் வந்தன. ஒவ்வொரு நாளும் தபால்பெட்டியைக் கடந்துதான் பஸ் தரிப்பிடத்துக்குப் போகவேண்டும். அந்த உறை அதற்குள் விழுந்ததா என்று அவரிடம் கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன்.

ஜனவரி கடைசியில் ஒரு காலை, நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது பேஸ்மென்ற் படிகளில் காலடி கேட்டது. அவர் முதல் முறையாகக் கீழே வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"லொட்ஜில செக்கிங் நடந்ததாம். இப்பதான் அவ ரெலிபோன் எடுத்தவ."

எல்லாப் பெட்டிகளையும் கட்டிலில் கொட்டினார்களாம். சேலைகளுக்கு நடுவிலிருந்து படத்தை எடுத்தார்களாம். யார் இது? கணவர், கனடாவில். ஏன் இந்தத் தொப்பி? அங்கே குளிர். இது யாருடைய கை? அவருடைய முதலாளியின் கை. பொலிஸ்காரர் படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டிலில் போட்டாராம்.

"மற்றப் படம்?" என்றேன்.

"மேல கிடக்கு. முத்திரையும் ஒட்டினபடி."

அவர் படியின் கைப்பிடியை விடவில்லை. மேலே அடுப்பில் ஏதோ கொதித்து வழியும் சத்தம் கேட்டது.

அன்று அந்த லொட்ஜிலிருந்து மூன்று பெண்களைக் கொண்டுபோனார்கள். அவருடைய மனைவி அதில் இல்லை.